வாளி அண்ணனின் கீரை

சுங்கைப் பட்டாணி ஊரில் மண்ணை நிம்மதியாக இருக்க விடாத ஒரே மனிதர் எங்கள் வாளி அண்ணன்தான். வேறு யாராவது இருக்கிறார் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பழைய பெயிண்ட் வாளிகளை வாசல் முழுக்க அடுக்கி ஆர்கானிக் தோட்டம் போட்டார். அன்றிலிருந்து அவர் கார் என் வீட்டு வாசலில் நிற்கிறது.

சீசனுக்கு ஒரு புதுசு வேண்டும் அவருக்கு. ஒரு தடவை ஸ்ட்ராபெரி. வெயிலில் கருகுகிறதே என்று வாளிக்கு வாளி ஐஸ் கட்டி வைத்தார்.

"அண்ணே, அது மலையில வளர்றது லா."

"இதுதான் மலைன்னு நம்ம அதை நம்ப வைக்கணும் தம்பி."

காய்த்தது ஒன்று. அதையும் அணில் கொண்டுபோனது. அடுத்து கோதுமை. தெருவுக்கே சப்பாத்தி சுட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்தார், வந்தது புல்.

போன வருஷம் மழை விட்டதும் தண்டுக்கீரை போட்டார். அதிசயமாக அது தளதளவென்று வந்துவிட்டது. தைப்பூச விரதக் காலம் வேறு. எதிர்வீட்டுச் சரசு அக்கா தினமும் ஒரு கட்டு வாங்கிப் போவார். அக்காவின் கணவருக்குப் பூசம் முடிந்ததும் இருதய அறுவை சிகிச்சை. அவர் பிழைத்து வரவேண்டும் என்று அக்கா பால்குடம் நேர்ந்திருந்தார்.

பூசத்துக்கு முந்தைய வாரம் அக்கா கீரை வாங்கப் போனபோது, அண்ணன் ஒரு டிரம்மைத் திறந்து கலக்கிக்கொண்டிருந்தார்.

"என்னா அண்ணே இந்த நாத்தம்?"

"மீன் தலை, கொடலு. பாசார்ல வாங்கி சீனி போட்டு ஊற வச்சேன். இந்த சீசன் புதுசு."

"எதுக்கு இது?"

"கீரைக்குத்தான். இல்லாட்டி இப்பிடி வளருமா?"

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் விரதமே போச்சே அண்ணே. அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்?"

"மண்ணுக்குள்ள போனா எல்லாம் மண்ணுதான்மா" என்று இவர் சமாளிக்கப் பார்த்தார். அக்கா அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தெரு இரண்டுபட்டது. கீரை எதைத் தின்றால் நமக்கென்ன என்றது ஒரு கட்சி. மீனைத் தின்ற கீரை மீன்தான் என்றது இன்னொரு கட்சி. நான் வாயைத் திறந்தேன். என் மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை அண்ணன் அக்கா வீட்டு கேட்டருகே போய் நின்றார்.

"உன் விரதத்துல கொறை இருந்தா அது நான் செஞ்சதும்மா. நானும் பால்குடம் எடுக்கிறேன். சாமி கேக்கிறத என்கிட்ட கேக்கட்டும்."

பொரித்த மீன் இல்லாமல் சோற்றைத் தொடாத மனிதர் அன்று முதல் ரசமும் அப்பளமுமாகச் சாப்பிட்டார். அன்னதானத்துக்கு மட்டும் கோயில் பக்கம் வருகிறவர், பூசத்தன்று மொட்டைத் தலையும் மஞ்சள் வேட்டியுமாக, கொதிக்கிற தார் ரோட்டில் அக்காவுக்குப் பின்னால் நடந்தார். கிண்டல் பண்ணலாம் என்றுதான் நான் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயில்வரை அவர்கூடவே நடந்தேன்.

அக்காவின் கணவர் நல்லபடியாக வீடு திரும்பினார்.

இந்த சீசனில் அண்ணன் புதுசாகச் சைவ உரம் போடுகிறார். வாழைப்பழத் தோலும் கரும்புச் சக்கையும். கீரை சோகை பிடித்து நிற்கிறது. தண்டு கயிறு மாதிரி, இலை கசப்பு. முதல் கட்டை வாங்குவது சரசு அக்கா. சாயங்காலம் அண்ணன் வீடு வீடாக வந்து, "எப்பிடி இருக்கு?" என்று கேட்பார். நாங்கள் எல்லோரும் மென்று விழுங்கிவிட்டு, "நல்லாருக்கு அண்ணே" என்றுதான் சொல்கிறோம்.