சேற்றில் இறங்கிய துணைக்குழு

சங்கப் பொறியாளர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வெறும் பொறியாளர் வீடு கட்டுவார், பாலம் கட்டுவார், சில சமயம் கட்டியதை இடித்துவிட்டு மறுபடியும் கட்டுவார். சங்கப் பொறியாளர் கூட்டம் போடுவார்.

பொன்னேரியில் இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி விஜயராகவன். பதினோரு வருடமாகச் சங்கத்தின் செயலாளர். மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று, ஓட்டல் மாடியில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து, போன கூட்டத்தில் பேசியதைப் படித்துக் காட்டி, அதெல்லாம் சரிதான் என்று எல்லோரையும் கைதூக்க வைத்து, வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தி, போர்த்தியவருக்கும் ஒன்று போர்த்தி, குழுப்படம் எடுத்து, வடை தின்று முடிப்பதற்குள் மதியமாகிவிடும். தொழிலைப் பற்றிய பேச்சு? அடுத்த கூட்டத்தில்.

சங்கம் எதற்கு என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள், கண் கலங்கிவிடும். உறுப்பினர்களுக்கான நன்னெறிக் கையேட்டை அவரேதான் தொகுத்தார். முதல் விதி, மக்களின் உயிரைக் காப்பதே பொறியாளரின் தலையாய கடமை. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று உரக்கப் படிப்பார்கள். ஒன்பதாம் விதி, சக உறுப்பினரின் வேலையைக் குறைகூறலாகாது. அதை யாரும் படிப்பதில்லை. எல்லோருக்கும் மனப்பாடம்.

அப்படியொரு கூட்டத்துக்குப் பழவேற்காடு ஏரியிலிருந்து லட்சுமி வந்தார். தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். பசியாவரத்துக்கு அப்பால் இருக்கும் அவருடைய தீவுக் குப்பத்தில், நாலு வருடத்துக்கு முன் கட்டிய படகுத்துறையில் ஒரு தூண் வெடித்துவிட்டது, நாலு பேர் ஏறினால் ஆடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் நின்றுதான் படகேற வேண்டும். இது பலமாக இல்லை என்று சங்கம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், வேறு கட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"மேல வெக்கிற காலு நிக்குமா நிக்காதானு எழுதிக் குடுங்க சார். வேற இன்னாத்துக்கு உங்களாண்ட வரப்போறோம்?"

துறையைக் கட்டியவர் துளசிங்கம். துளசிங்கம் யார்? சங்கத்தின் துணைத் தலைவர். அந்த நேரத்தில் மேடையின் மூன்றாம் நாற்காலியில் உட்கார்ந்து சட்னியைத் தேடிக்கொண்டிருந்தார். சங்கம் இந்த நிலையில் என்ன செய்யும்? துணைக்குழு அமைத்தது.

நாலு மாதம் கழித்துத் துணைக்குழு பதாகையோடு படகேறியது. படகோட்டி சுப்பன் கோல் ஊன்றிப் படகைத் தள்ளி வர, விஜயராகவன் வழியிலேயே அறிக்கையை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டார். மேலோட்டமான விரிசல்கள் உள்ளன, மேலும் ஆய்வு தேவை. துளசிங்கத்தின் மனமும் நோகாது, யாரும் பொய் சொன்னதாகவும் ஆகாது. நிம்மதியாக நிமிர்ந்து பார்த்தார். படகு தூணை ஒட்டி வந்திருந்தது. சிமெண்டு பெயர்ந்து, உள்ளே கம்பி துருவேறி நூலாகியிருந்தது. முப்பது வருட அனுபவம் சங்கத்தைக் கேட்காமலே வாயைத் திறந்துவிட்டது.

"இதுல வேணாம்பா. அப்டி ஓரமா சேத்துல வுட்டுடு."

கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, துணைக்குழு ஒருவர் பின் ஒருவராகச் சேற்றில் இறங்கிக் கரையேறியது. கரையில் லட்சுமியும் மற்றப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஜயராகவன் கால் கழுவத் தண்ணீர் கேட்டார். லட்சுமி கொண்டுவந்து கொடுத்தார்.

"இனி எழுத்து வேணாம் சார். நீங்க எதுல கால வெக்கலனு பாத்துட்டோம்."

அன்றைக்கே துறையின் குறுக்கே கிழிந்த வலையைக் கட்டி வழியை அடைத்துவிட்டார்கள். புதுத்துறை வரவில்லை. பிள்ளைகள் சீருடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்துதான் படகேறுகிறார்கள். விஜயராகவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், வழியில் எழுதி வைத்திருந்தபடியே அறிக்கையைத் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டார்.

சிரிக்கிறீர்களா? இதை எழுதுகிற ஆசாமி அந்த வரிசையில் நாலாவதாக, பதாகையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தவன். அறிக்கையில் அவன் கையெழுத்தும் இருக்கிறது. நீங்கள் பொறியாளர் இல்லையென்றாலும் உங்களுக்கும் ஏதாவதொரு சங்கம் இருக்கும், அதில் ஒரு துளசிங்கம் இருப்பார், அவருக்காக நீங்கள் "பரவாயில்லை" என்று எழுதிக் கொடுத்த ஏதோ ஒன்று எங்கேயோ நின்றுகொண்டிருக்கும். அதன்மேல் ஒரு தடவை ஏறி நின்று காட்டுங்கள். சிரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.