சம்மந்தி எண்ண, நான் மூச்சு விட

பெருமதிப்பிற்குரிய சம்மந்தி திரு. ராஜமாணிக்கம் அவர்கள் சமூகத்திற்கு,

கடலூர் முதுநகரிலிருந்து பஞ்சநாதன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே என் வீட்டுக்காரி மகேஸ்வரி நலம். வாசல் முருங்கையும் நலம். நலமில்லாதது என் வயிறு ஒன்றுதான். சிதம்பரத்தில் தங்கள் சுகத்தையும், சம்மந்தியம்மா முழங்காலின் சுகத்தையும் அறிய ஆவல். தமிழினி வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா என்றும் அறிய ஆவல். அதைக் கேட்க எனக்கு இப்போது பாத்தியதை உண்டா என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று தாங்கள் திகைக்கலாம். என் மகன் இளவரசுவும் தங்கள் மகள் தமிழினியும் மனமொத்துப் பிரிவதாக மனுப் போட்ட அன்றைக்கே எங்கள் வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவுங்க வீட்ல யார்கிட்டயும் போன் பேசாதீங்க, வாட்ஸ்அப் அனுப்பாதீங்க, எதை எதுக்கு எடுத்துப்பாங்கன்னு சொல்ல முடியாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தபாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு மறந்திருக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் வயிற்றின் கதை தாங்கள் அறியாததல்ல. கல்யாணப் பந்தியில் இரண்டு தரம் பாயசம் வாங்கி, வயிறு உப்பி, மூச்சு முட்டி நான் மண்டபத்து மாடியில் சுருண்டு கிடந்தபோது, பெண்ணைப் பெற்றவர் என்ற பரபரப்பையெல்லாம் விட்டுவிட்டுத் தாங்கள்தான் ஜமக்காளத்தை விரித்து, “சாப்பிட்ட வயித்துக்கு வஜ்ராசனம் ஒண்ணுதான் சம்மந்தி, மெதுவா முட்டி போட்டு உக்காருங்க” என்று உட்கார வைத்தீர்கள். கீழே போட்டோ எடுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கும் அந்த ஆல்பத்தில் எல்லோரும் இருக்கும் பெரிய படத்தில் நாம் இருவர் மட்டும் இல்லை. அதன்பிறகு மூன்று வருடம், தினமும் காலை ஐந்தே முக்காலுக்குத் தாங்கள் போன் செய்வதும், நான் அதை ஸ்பீக்கரில் போட்டுத் தலைமாட்டில் வைத்துவிட்டு மல்லாந்து படுப்பதும், “வலது முழங்காலை மடக்குங்க, வயித்தோட அணைங்க, மூச்ச விடுங்க, ஒண்ணு... ரெண்டு...” என்று தாங்கள் எண்ணுவதும் வழக்கமானது. தாங்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், எண்ணியே பழகியவர். நான் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், ஒரு குரல் சொன்னால் செய்தே பழகியவன். நமக்குப் பொருந்தியதுபோல் பிள்ளைகளுக்குப் பொருந்தியிருந்தால் என்ன என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

போன் நின்றதும் முதலில் நான் கலங்கவில்லை. தாங்கள் காரைக்கால் கல்யாணத்துக்குப் போனபோது அனுப்பிய குரல்பதிவு கையில் இருந்தது. மொத்தம் பதினோரு நிமிடம். நடுவில் தாங்கள் இருமுவதும், சம்மந்தியம்மா “காப்பி ஆறுது, போதும் எண்ணுனது” என்று அதட்டுவதும் அதில் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன். ஒருநாள் இளவரசு என் போனை வாங்கி, வக்கீல் சொன்னார் என்று பழையதையெல்லாம் துடைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, அதில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. பெண்டாட்டி பிள்ளைக்குக்கூடச் சொல்லவில்லை, அன்று பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன்.

அப்புறம் பிடித்தது சனி. யூடியூபில் ஒரு பையனைப் பார்த்துச் செய்தேன். எலும்பே இல்லாத பிள்ளை, மென்மையான யோகா என்று சொல்லிவிட்டுத் தலையைக் கால் வழியாக வெளியே எடுக்கிறான், எனக்குக் கழுத்து பிடித்து நான்கு நாள் யார் கூப்பிட்டாலும் உடம்போடு திரும்பினேன். சரி, மகேஸ்வரியையே எண்ணச் சொல்வோம் என்று படுத்தேன். இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு அணைத்து ஐந்து எண்ணியிருப்பாள், வாசலில் மீன்காரம்மா வந்துவிட்டாள். சங்கராவுக்கு விலை பேசப் போனவள் திரும்பவில்லை. ஆறு என்று சொல்லாமல் காலை விடலாமா கூடாதா என்று தெரியாமல் நான் அப்படியே உருண்டையாகக் கிடந்தேன். வந்து பார்த்துவிட்டு, “அய்யய்யோ, இன்னமுமா புடிச்சிக்கிட்டு இருக்கீங்க? சொன்னாத்தான் வுடுவீங்களா?” என்கிறாள். மறுநாள் தோசை சாப்பிட்ட கையோடு அதே ஆசனத்தைச் செய்து தோசையைத் திரும்பப் பார்த்தேன். வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும் என்று தாங்கள் நூறு தரம் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இதையெல்லாம்விடக் கோர்ட்டில் பட்ட அவமானம்தான் பெரிது, தாங்களும் அங்கே இருந்தீர்கள். சேர்ந்து வாழ வாய்ப்பு ஏதாவது இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். இரண்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றன. அவ்வளவு பெரிய அறையில் ஒரு சத்தம் இல்லை. அந்த நேரம் பார்த்து என் வயிறு கடமுடாவென்று ஆரம்பித்து, விடாமல் ஒரு நிமிடம் பேசியது. நீதிபதியே நிமிர்ந்து பார்த்தார். தமிழினி பையைத் திறந்து, ஓமத்தண்ணி பாட்டிலை எடுத்து, யாரையும் பார்க்காமல் என்னிடம் நீட்டி, “குடிங்க மாமா” என்றாள். பிரிய வந்த பெண் ஓமத்தண்ணியோடு வந்திருக்கிறாள். நான் குடித்தேன். என் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சண்டை என்று ஒன்றை நாம் கண்ணால் பார்த்ததில்லை. கேட்டால், “சரியா வரலப்பா, வுட்டுடுங்க” என்கிறான். அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

வரும் பதினாலாம் தேதி கடைசி வாய்தா என்று இளவரசு சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு தங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இரண்டு நாளாக மூளையைக் கசக்குகிறேன். சார் என்றால் பேங்கில் பேசுவதுபோல் இருக்கிறது. இரண்டு வயது மூத்தவர் என்று அண்ணன் முறை வைத்தால், நேற்றுவரை புருஷன் பெண்டாட்டியாக இருந்ததுகள் அண்ணன் தங்கையாகிவிடும், அது பாவம். மச்சான் என்றால் இரண்டும் முறைப்பிள்ளைகளாகி, பழையபடி கல்யாணத்தில் வந்து நிற்கும். ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மகன் கல்யாணம் முறிந்ததற்கு அழ எனக்கு ஆயிரம் பேர் துணை இருக்கிறார்கள். தங்களை இழப்பதற்கு அழ ஒருவர் இல்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அதனால் எனக்கொரு யோசனை. பதினாலாம் தேதி காலை ஒன்பதுக்கே வந்துவிடுகிறேன். கோர்ட்டு வாசல் புங்கமரத்தடி பெஞ்சில் தாங்கள் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில், அறிமுகமில்லாதவர்கள்போல் உட்காருவோம். தாங்கள் எதிரே பார்த்துக்கொண்டு மெதுவாக எண்ணுங்கள். நான் வயிற்றில் கைவைத்து மூச்சை இழுத்து விட்டுக்கொள்கிறேன். பேசக்கூடாது என்றுதான் வக்கீல் சொன்னார், எண்ணுவது பேச்சில் சேராது. பெயர் கூப்பிடும்வரை எத்தனை தரம் முடிகிறதோ அத்தனை தரம்.

சம்மந்தியம்மாவுக்கு எங்கள் இருவர் வணக்கமும். தமிழினிக்கு என் ஆசி எப்போதும் போலவே உண்டு, அதற்கு வாய்தா கிடையாது. தில்லை நடராசர் தங்கள் குடும்பத்தைக் குறையில்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள்
பஞ்சநாதன்

பி.கு.: உறையை ஒட்டுமுன், பதினாலாம் தேதி எந்த வண்டிக்குப் போகலாம் என்று இளவரசுவைக் கேட்டேன். “நீங்க வர வேணாம்பா. போன மாசமே எல்லாம் முடிஞ்சிடுச்சி. உங்க வயிறு தாங்காது, இப்ப சொல்ல வேணாம், கொஞ்ச நாள் போவட்டும்னு தமிழினிதான் சொன்னா” என்றான். பிரிவதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு பேரும் நின்று என் வயிற்றைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். தங்களிடமும் மறைத்திருப்பாள் என்றே தோன்றுகிறது. அப்படியானால் தயவுசெய்து இந்தப் பின்குறிப்பைப் படிக்க வேண்டாம். மேலே எழுதியதைக் கிழிக்க எனக்கு மனமில்லை. பதினாலாம் தேதி காலை பாசஞ்சரில் நான் வருகிறேன். தாங்களும் வாருங்கள். காப்பிகூடக் குடிக்காமல் வாருங்கள்.