கைகட்டி மேஸ்திரியும் அஸ்திக் கலசமும்

கைகட்டி மேஸ்திரி என்றொரு இனம் உண்டு. எங்கே ஒருவன் குனிந்து வேலை செய்கிறானோ, அங்கே இவர் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்பார். குழாய் மாட்டுகிறவனுக்குக் குழாயைப் பற்றியும், தோசை சுடுகிறவளுக்குத் தோசையைப் பற்றியும் சொல்லிக் கொடுப்பார்; காரைப் பின்னால் எடுக்கிறவனுக்கு 'வரட்டும், வரட்டும்' என்று குரல் கொடுத்து, அது சுவரில் இடித்த பிறகு 'அப்பவே சொன்னேனே' என்பார். தானே ஒரு வேலையைத் தொட்டதுண்டா? சேச்சே.

காரைக்குடி அழகுசுந்தரம் இந்த இனத்தின் அசல் சரக்கு. வங்கியில் முப்பது வருஷம் இருந்தவர். அங்கேயும் பக்கத்து மேஜை வேலையைத்தான் பார்த்தார் என்று கேள்வி.

போன மாதம் அவருடைய அக்காள் கணவர் ராமநாதன் காலமானார். அஸ்தியைக் காசியில் கரைக்க வேண்டும். மகள் அக்ஷராவுக்கு ஆறாம் நாள் விடிந்ததும் மதுரையில் விமானம். மண் கலயம் என்றால் வழியில் உடைந்துவிடும். எவர்சில்வர் தூக்கில், 'அப்பச்சி' என்று கூப்பிட்ட அப்பாவைச் சாம்பார் மாதிரி எடுத்துப்போக அவளுக்கு மனம் வரவில்லை. ஆகவே மரத்தில் மூடி போட்ட கலசம் ஒன்று கடைந்து வாங்க, கட்டில் கால் கடைகிற சேவுகப்பெருமாளின் பட்டறைக்குப் போனாள். தாய்மாமன், அதாவது அவளுடைய அம்மான், அழகுசுந்தரமும் காரில் ஏறிக்கொண்டார். யார் கூப்பிட்டது? இந்த இனத்தைப் போய் யாராவது கூப்பிடுவார்களா?

சேவுகப்பெருமாள் தேக்குக் கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு உளியை வைத்தார். சீவல் சுருள் சுருளாகப் பறந்தது. வெளிப்பக்கம் குடம் போல அழகாகத் திரண்டுவிட்டது. உள்ளே குடையத் தொடங்கியதுதான் தாமதம், அம்மானின் கைகள் கட்டிக்கொண்டன.

"இன்னும் கொஞ்சம் மெல்லிசா எடுப்பா."

"இதுக்கு மேல எடுத்தாத் தாங்காதுங்கய்யா."

"தாங்கும். தேக்கு வீட்டுல பெறந்தவன் சொல்றேன்ல?"

துக்க வீட்டு மனிதரோடு எதற்கு மல்லுக்கு நிற்பது என்று சேவுகப்பெருமாள் இன்னும் கொஞ்சம் எடுத்தார். அம்மான் தலையைச் சாய்த்துப் பார்த்து, "இன்னும் ஒரே ஒரு நூலு" என்றார்.

படார்! கலசத்தின் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு பறந்து, அம்மானின் காதை உரசிப் போய்ச் சுவரில் மோதி விழுந்தது.

"பாத்தீகளா? மரம் சரியில்ல" என்றார் அம்மான்.

மணி மூன்று. பட்டறையில் அந்த அளவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டை. அதையும் அம்மான் தட்டிப் பார்க்கப் போனபோதுதான், ஐந்து நாளாக ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாத அக்ஷரா வாய் திறந்தாள்.

"அம்மான், ஆஸ்பத்திரியில நர்சுக்கே ஊசி போடச் சொல்லிக்குடுத்தீக. எங்க அப்பச்சி கடைசியா எங்கிட்ட என்ன சொன்னாக தெரியுமா?"

"என்ன ஆத்தா சொன்னாக?"

"'உங்க அம்மானைச் சித்த நேரம் வெளியே போய் டீ குடிச்சிட்டு வரச் சொல்லு'ன்னாக. அம்புட்டுத்தான். அப்புறம் பேசவே இல்ல."

அம்மானின் கட்டிய கைகள் அவிழ்ந்தன. எங்கே வைப்பது என்று அவற்றுக்கே தெரியவில்லை. வெளியே போய், அங்கே கிடந்த ஒரு அடிமரத்தின் மேல் உட்கார்ந்தார். எதிரே ஒருவன் லாரியில் சாக்குகளைத் தாறுமாறாக அடுக்கிக்கொண்டிருந்தான். அதற்குக்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்கு, உப்புத்தாள் போட்டு மெழுகு தேய்த்த கலசத்தை அக்ஷரா வெளியே கொண்டுவந்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, விரலால் ஒரு முறை தடவினார். "நீங்களே மடியில வச்சுக்கங்க அம்மான்" என்றாள் அவள். வீடு வரும்வரை, டிரைவர் இரண்டு தடவை தப்பாகத் திரும்பியும், அவர் பேசவில்லை.

திருந்திவிட்டார் என்று கண்ணைத் துடைக்காதீர்கள். ஆறரை மணிக்குத் துக்கம் கேட்க வந்தவர்களிடம் கலசத்தைக் காட்டி, "நான் மட்டும் பக்கத்துல நிக்கலைன்னா கெடுத்திருப்பான்" என்றார். உள்ளேயிருந்து கேட்ட அக்ஷரா, ஐந்து நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது.

நல்லவேளை, நீங்கள் அப்படியில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: கலசத்துக்கு மூடி என்றதும், 'திருகு மூடியாகப் போட்டிருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா? சரி சரி, முதலில் அந்தக் கையை அவிழுங்கள்.