நனையாத நெருப்புப்பெட்டி

அடுத்த ஊர்க் கிளினிக்கில், கைக்குழந்தைகளோடு காத்திருந்த பெண்களுக்கு நடுவே ஒரே ஓர் ஆண் தலையைக் குனிந்தபடி இருந்தான். அவன் நாயாற்று மீனவன் அனிஸ்ரன். தன் ஊர்க் கிளினிக்குக்குப் போனால், அவன் வீடு திரும்புமுன் கதை தகப்பன் பஸ்தியாம்பிள்ளையிடம் போய்விடும். கருத்தடையைப் பாவமென்னும் கத்தோலிக்கக் கோயிலின் சபைத் தலைவரான அவரிடம் அவனுக்குக் கடலைவிட அதிகப் பயம்.

அதைவிடப் பெரிய பயம்தான் அவனை இங்கே துரத்தியிருந்தது. மூன்றாவது பிள்ளைப்பேற்றில் மனைவி நிறஞ்சனாவுக்கு இரத்தம் நிற்கவில்லை. கடலிலிருந்து திரும்பியவன் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, "இன்னொண்டு வந்தா ஆள் தப்பாது" என்று யாரோ கதைத்தது காதில் விழுந்தது. மீதியைக் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. அன்று தொடக்கம் வீட்டில் படுக்காமல் கடற்கரையில் மீனவர் தங்கும் வாடியில் படுத்தான். விடிந்தால் கோயிலில் முழங்காலில் நின்றான்.

மருத்துவமாது நேசமலர் பொறுமையாகச் சொன்னார்.

"தம்பி, கருத்தடைக் குளிசை எண்டா ஒவ்வொரு நாளும் மறக்காமப் போடவேணும். பால் குடுக்கிறவைக்கு வேற குளிசை, அது இன்னும் கப்பலில வரேல்லை. ஊசி மூண்டு மாசத்துக்கு ஒருக்கா. கருப்பைக்குள்ள வைக்கிற லூப் எண்டா கனகாலம் இருக்கும், வேண்டாமெண்டா எடுக்கலாம்."

"ஒப்பரேசன்?"

"பொம்பிளையளுக்கும் இருக்கு, ஆம்பிளையளுக்கும் இருக்கு. ஆம்பிளையளுக்குத்தான் சின்ன வேலை."

அனிஸ்ரன் தன்னையறியாமல் கால்களைச் சேர்த்துக்கொண்டான்.

"மனிசி என்ன விரும்புறா?"

"கேக்கேல்லை."

"முதல் அவவைக் கேளுங்கோ. உடம்பு அவவின்ர."

கேட்டால் சாவைப் பற்றிக் கதைக்க வேண்டிவரும். அது அவனால் முடியாது. ஒரு பெட்டி ஆணுறையை வாங்கி, கடலுக்குக் கொண்டுபோகும் பைக்குள் ஒளித்தான்.

அடுத்த நாள் வாடிக்குள் நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். பஸ்தியாம்பிள்ளை தன் நெருப்புப்பெட்டியை ஓர் ஆணுறைக்குள் திணித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் நெருப்புப்பெட்டிக்குத் தட்டுப்பாடு. கடலில் நனைந்தால் சுருட்டுப் பற்றவைக்க வழியில்லை.

"உன்ர பைக்குள்ள கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது. நல்ல சாமான்."

"ஓமப்பு. அதுக்குத்தான் வாங்கினனான்."

அந்தப் பொய்தான் அவனைக் கெடுத்தது. மாலைக்குள் கடற்கரை முழுவதும் கை நீட்டியது. பெட்டி காலியானது. திரும்பவும் கிளினிக்குக்குப் போனான்.

"அதுக்குள்ள முடிஞ்சுதோ?" என்றார் நேசமலர்.

"எங்கட வள்ளக்காரச் சம்மாட்டியும் கேட்டவர்" என்று உளறினான்.

நேசமலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டாவது பெட்டி நாயாற்றுக்கு வந்து சேருமுன் கதை நிறஞ்சனாவிடம் வந்துவிட்டது.

பிள்ளையை இடுப்பில் வைத்தபடி அவள் வாடிக்கே வந்தாள். பஸ்தியாம்பிள்ளை ஒரு மூலையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் இருப்பதையும் அவள் பார்க்கவில்லை.

"வீட்டில படுக்கிறேல்லை. பெட்டி பெட்டியாய் வாங்கிறியளாம். ஆர் அவள்?"

 அனிஸ்ரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

"ஒருத்தியும் இல்லை. இன்னொண்டு வந்தா நீ செத்துப்போவாய் எண்ட பயம். உனக்குக் கிட்ட வரவே பயம். தடுக்கிறதுக்கு எதையும் செய்தா அப்பு என்னைக் கொன்றுபோடுவாரெண்டு அதுக்கும் பயம்."

நிறஞ்சனா வெளிறிப்போய் மாமனாரைப் பார்த்தாள். அனிஸ்ரன் அடிக்கு முதுகைக் கொடுப்பவன் போலக் குனிந்து நின்றான்.

பஸ்தியாம்பிள்ளை ஊசியை வலையில் குத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நீ கடலில நிக்கேக்கையே அவ கேட்டு, நான் ஓமெண்டு சொல்லி, ஆஸ்பத்திரியிலயே அவவுக்குப் பிள்ளை பிறக்காம ஒப்பரேசன் செய்தாச்சடா; நீ விடிஞ்சாக் கோயிலில கிடக்கிறதைப் பாத்து, உனக்கு இதை எப்பிடிச் சொல்லுறதெண்டு நாங்கள் ரெண்டு பேரும்தான் இவ்வளவு நாளும் பயந்து சாகிறம்."