சராசரி கெடாத சூளை

இதை எனக்கு முதலில் சொன்னது உபகாரமேரி. எழுபத்தைந்தாம் வருஷம் தை பிறந்த கையோடு, மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கும்போது சொன்னாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் முன்னால் நின்ற அம்மாள், "இவங்க ரெண்டு பேரையும் முதல்ல அனுப்பிடுங்கப்பா" என்று வழிவிட்டுவிட்டாள்.

விருத்தாசலத்தில் பீங்கான் செய்கிற எல்லோருக்கும் சொந்தச் சூளை கிடையாது. அவரவர் கொட்டகையில் அச்சில் வார்த்து, காயவைத்து, சர்க்காரின் பொதுச் சூளையில் கொண்டுபோய்ச் சுட்டுக்கொள்ள வேண்டும். யார் சாமான் முதலில் வருகிறதோ அவர்களுக்கு முதல் முறை. இதில் வாய்ச்சண்டை உண்டு, முறைப்பு உண்டு, அப்புறம் ஒரே டீக்கடையில் டீ உண்டு. ஆனாலும் சூளை எரிந்துகொண்டிருந்தது.

உபகாரமேரியும் அவள் வீட்டுக்காரர் ஞானதாஸும் பொம்மை செய்கிறவர்கள். எழுபத்துநான்கு கடைசியில் மாதா கோயிலுக்குப் புதுக் குடில் செட் செய்து தருவதாக ஏற்றிருந்தார்கள். மாதா, சூசையப்பர், பாலன், மூன்று ராஜாக்கள், இடையர், ஆடு, மாடு. வார்த்து வைத்தாயிற்று. கிறிஸ்துமஸுக்குள் சுட்டாக வேண்டும். "பாலன் பொறக்கிற நேரத்துல தொழுவம் தயாரா இருக்கணும் மேரி" என்று சாமியார் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சூளை அதிகாரி கோதண்டபாணி மெட்ராஸில் டென்னிஸ் பந்தயம் பார்த்துவிட்டுத் திரும்பினார். போகும்போது பேண்ட் சட்டையில் போன மனுஷர், வரும்போது வெள்ளை அரைக்கால் சட்டையும் கேன்வாஸ் ஷூவுமாக வந்தார். மேஜையில் ஒரு டென்னிஸ் மட்டை. அன்றுமுதல் கோப்புகளை அந்த மட்டையால்தான் நகர்த்தினார்.

எல்லாரையும் கூப்பிட்டு ஓர் இங்கிலீஷ் பத்திரிகைத் தாளை ஆட்டினார்.

"உலகத்துல யார் முதல் ஆட்டக்காரன்னு போன வருஷத்திலேருந்து கம்ப்யூட்டர் சொல்லுது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு மதிப்பு. பெரிய பந்தயத்துல எவ்வளவு தூரம் ஜெயிச்சிட்டுப் போறானோ அவ்வளவு புள்ளி. ஒரு வருஷத்துப் புள்ளியைக் கூட்டணும். எத்தனை பந்தயம் ஆடினானோ அதால வகுக்கணும். அந்தச் சராசரிதான் ராங்க். அப்பப்போ புதுசாப் போடுவாங்க. வருஷம் தாண்டின புள்ளி தானாக் கழண்டுக்கும்."

"நம்மகிட்ட கம்ப்யூட்டர் இல்லீங்களே சார்?" என்றார் ஊறுகாய் ஜாடி செய்கிற தனக்கோடி.

"சீதாராமன் இருக்காரே!"

குமாஸ்தா சீதாராமன் எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

மறுநாள் சுவரில் ஒட்டினார்கள். "இதனால் சகலமான உற்பத்தியாளர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், இனிப் பொதுச் சூளையானது ராங்க் வரிசைப்படி மட்டுமே வழங்கப்படும். ஃப்யூஸ் கட்டை பெரிய பந்தயமாகவும், ஜாடி நடுத்தரப் பந்தயமாகவும், பொம்மை உள்ளூர்ப் பந்தயமாகவும் கருதப்படும். விரிசல் இன்றி வெளிவரும் சரக்குக்கே புள்ளி. முதல் ராங்க்காரர் சுட்டு முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருத்தல் வேண்டும்."

எத்தனை குறைவாக ஆடினாலும் பன்னிரண்டுக்குக் குறையாமல்தான் வகுக்க வேண்டும் என்று அந்தக் கம்ப்யூட்டர் கணக்கில் இன்னொரு விதி இருந்ததாம். அது தாளின் கீழ்ப்பாதியில் இருந்தது. கீழ்ப்பாதி வேப்பூரில் பஸ் நின்றபோது அதிகாரி கையிலிருந்த பஜ்ஜிக்கு எண்ணெய் ஒற்றப் போய்விட்டது.

தனக்கோடி அந்த வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் சுட்டிருந்தார். கடவுள் புண்ணியத்தில் ஒரு ஜாடியும் கீறவில்லை. சீதாராமன் ஒன்றால் வகுத்தார். தனக்கோடி முதல் ராங்க். அன்றைக்கே கொட்டகையைப் பூட்டினார்.

உபகாரமேரி அவர் வீட்டுக்கே போனாள். "அண்ணே, முறை உங்களுதுங்க. நீங்க சுட்டாத்தானே அடுத்தவங்க சுட முடியும்?"

"என்னம்மா தங்கச்சி வெளயாடுறியா? இன்னொருதரம் சுட்டு நாலு ஜாடி கீறிச்சின்னா சராசரி என்னாவும்? கருவேப்பிலங்குறிச்சியிலேருந்து பொண்ணு கேட்டு வந்திருக்காங்க. 'முதல் ராங்க்காரர் வூட்டுப் பொண்ணாமே'ன்னு கேட்டுக்கிட்டே உள்ள வராங்க."

அவள் நேரே ஆபீசுக்கு நடந்தாள்.

"சார், கிறிஸ்துமஸ் வருதுங்க. குடில் செட்டு சுடணும்."

சீதாராமன் கணக்குப் பார்த்தார். "போன கிறிஸ்துமஸுக்கு நீங்க சுட்ட பொம்மைக்கு நல்ல புள்ளிம்மா. ஆனா வருஷம் ஆயிடுச்சே, இந்த வாரம் கழண்டுக்கும். இப்போ நீங்க கடைசி ராங்க்."

"கழண்டுக்காம இருக்க என்ன பண்ணணுங்க?"

"இந்த வாரமே அதே மாதிரி நல்லாச் சுட்டு அந்தப் புள்ளியைக் காப்பாத்தணும்."

"அப்போ சூளை குடுங்க."

"ராங்க் இருந்தாத்தானே சூளை?"

"சூளை இருந்தாத்தானேங்க ராங்க்?"

"ரொம்பச் சரி!" என்று கோதண்டபாணி மட்டையால் மேஜையைத் தட்டினார். "விதியை எவ்வளவு அழகாப் புரிஞ்சிக்கிட்டு இருக்காங்க பாருங்க, சீதாராமன்!"

ஞானதாஸ் ரோஷக்காரர். குடில் செட்டைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தினமும் சூளை வாசலில் போய் உட்கார்ந்தார். ஆறிக்கிடந்த சூளைச் சுவரில் கோதண்டபாணி பந்தடித்துப் பழகிக்கொண்டிருந்தார். பந்து ஓடினால் ஞானதாஸ் எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் அது வண்டியிலிருந்த பொம்மை மாட்டின் கால்களுக்கு நடுவே போய் நின்றது.

"மத்தவங்க யாரும் வரலியா?" என்று கேட்டார் அதிகாரி.

"நான் ஒருத்தன்தாங்க தினம் வரேன்."

கோதண்டபாணி அப்படியே நின்றுவிட்டார். "எதிராளி வரலன்னா என்ன அர்த்தம்? வாக்ஓவர்! வந்தவன் ஜெயிச்சான்! சீதாராமன்!"

சீதாராமன் ஓடி வந்தார். வராத ஒவ்வொருவருக்கும் ஒரு வெற்றி என்று ஞானதாஸுக்குப் புள்ளி குவிந்தது. சுடவே இல்லை என்பதால் வகுக்க எண்ணும் இல்லை. சீதாராமன் வகுக்காமலே விட்டார். சாயங்காலம் சுவரில் புதுசாக ஒட்டினார்கள். ஞானதாஸ் முதல் ராங்க்.

உபகாரமேரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஓடி வந்தாள்.

"ஏங்க, சூளை இப்போ நம்முது! ஏத்துங்க, விடியறதுக்குள்ள மூட்டிடலாம்!"

ஞானதாஸ் அசையவில்லை. தலையைச் சீவி, பவுடர் போட்டிருந்தார்.

"அவசரப்படாத மேரி. ஒரு ஆட்டுக்குட்டி காது கீறினாக்கூட, என்னாவறது?"

"என்னாவும்?"

"தனக்கோடி மேல போயிடுவான்."

"பாலன் பொறக்கப் போறாருங்க!"

"அவருக்கென்ன, அவரு சராசரியெல்லாம் பார்க்க மாட்டாரு. நான்தான் பார்க்கணும்."

அவள் சண்டை போட்டாள், அழுதாள், சாப்பாடு போட மாட்டேன் என்றாள். மறுநாள் காலையில் குழாயடிக்குப் போனாள். "முதல் ராங்க்காரம்மா வராங்க, குடத்தை நகத்துங்கடி" என்று பெண்கள் வழிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சூளைப் பேச்சையே எடுக்கவில்லை. கறிக்குழம்பு வைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பச்சை மண்ணுக்கே பெயிண்ட் அடித்துக் குடிலைக் கோயிலில் வைத்துவிட்டார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. சாமியார் சந்தோஷமாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மூன்று ராஜாக்களில் ஒருவருக்கு மூக்கு இறங்கித் தாடியானது. ஒரு ஆடு மெதுவாகப் படுத்துக்கொண்டது. பாலன் மேல் நல்லவேளையாக வைக்கோல் இருந்தது.

பொதுச் சூளைக்கும் குறை ஒன்றும் வரவில்லை. அடுத்த காலாண்டில் சூளைக்கு எண்ணெய்ச் செலவும் இல்லை, ஒரு சாமானும் உடையவில்லை. எண்ணெய்ப் பஞ்சக் காலத்தில் இப்படியும் ஒரு சூளையா என்று மேலிடம் பாராட்டி, கோதண்டபாணிக்குப் பதவி உயர்வு கொடுத்து மாற்றியது. அடுத்து வந்தவர் பாவம், பழைய வழக்கப்படி முதலில் வந்தவருக்கு முதல் முறை என்றார். ஊரே திரண்டு போய், ராங்க்கை எடுக்கக் கூடாது என்று மனு கொடுத்தது. மனுவில் முதல் கையெழுத்து ஞானதாஸ், ராங்க் வரிசைப்படி.

அந்தக் குடிலை இப்போதும் வருஷா வருஷம் வைக்கிறார்கள். நீங்கள் பூசைக்குப் போனீர்களானால் ஒரு சின்ன உபகாரம். சாமியார் தீர்த்தச் சொம்போடு வரும்போது, கொஞ்சம் தள்ளி நின்றே தெளிக்கச் சொல்லுங்கள்.