அண்ணாந்து பார்த்த மாப்பிள்ளை

மும்பையில் பழைய கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பவன் யோக்கியனாக இருக்க முடியாது. இது என் மாமனாரின் தீர்மானமான கருத்து. அவர் அப்படி நினைக்கக் காரணமே நான்தான்.

மாட்டுங்காவுக்குப் பெண் பார்க்கப் போன நாள். பல ஜாதகங்கள் தட்டிப்போன பிறகு அமைந்த இடம். நான் ஆபீசிலேயே புதுச்சட்டை மாற்றிக்கொண்டு நேரே ரயிலேறி, செம்பூரிலிருந்து டாக்ஸியில் வந்துகொண்டிருந்த அப்பா அம்மாவை முந்திவிட்டேன். "நாங்க வர்ற வரைக்கும் வாசல்லயே நில்லு. எதையாவது பண்ணிக் கெடுத்துடாதே!" என்று அம்மா போனில் கெஞ்சினாள்.

நின்றேன். ஆனால் எனக்குப் பழைய கட்டடம் என்றால் பைத்தியம். வளைந்த பால்கனி, கப்பலில் இருப்பது போல வட்ட ஜன்னல், மாடிப்படியில் பச்சை மொசைக். கை சும்மா இருக்குமா? போனில் எடுத்துத் தள்ளினேன். விரிசலைக்கூட விடவில்லை. சுவரைத் தட்டி வேறு பார்த்தேன் (பெரிய டாக்டர் என்று நினைப்பு!).

கீழ்வீட்டு மாமா ஒருவர் மெல்ல வெளியே வந்து, என் கையில் காபி டம்ளரைத் திணித்தார். "பில்டர் அனுப்பிச்சாரா?" என்றார் ரகசியமாக. "இதை இடிச்சுக் கட்டினா எங்களுக்குப் புது வீடு எத்தனை ஸ்கொயர் ஃபீட் தருவேள்?"

காபி பேஷாக இருந்தது. மறுக்க மனசு வரவில்லை. "பார்க்கலாம் மாமா" என்று சொல்லி வைத்தேன்.

"என்னய்யா பார்க்கலாம்?"

மாடிப்படியில் நின்றவர் சொசைட்டி, அதாவது குடியிருப்போர் சங்க, செக்ரட்டரி. கட்டடத்தை இடிக்க விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவராம். என் போனைப் பிடுங்கிப் படங்களைத் தள்ளிப் பார்த்தார். "விரிசலா பார்த்துப் பார்த்து எடுத்திருக்கான்! வாட்ச்மேன், கேட் பந்த் கரோ!" என்று கத்த, வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ சார், நான் சுந்தரம் சார் வீட்டுக்கு வந்திருக்கேன்."

"அந்தச் சுந்தரமே நான்தான்! இன்னிக்கு என் வீட்டுக்கு வரப்போறது மாப்பிள்ளை."

"அந்த மாப்பிள்ளைதான் சார் நான்!"

அவர் முகம் வெளிறிவிட்டது. "அடப்பாவி! எங்க வீட்டு விஷயம்கூட பில்டர் காதுக்குப் போயிடுத்தா?"

(அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருக்கு அனுப்பிய போட்டோவில் எனக்குத் தலைமுடி இருந்தது.)

டாக்ஸியிலிருந்து இறங்கிய அம்மா, வாட்ச்மேன் பிடியில் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். சம்பந்தம் போச்சு என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்போது அந்த வளைந்த பால்கனியிலிருந்து ஒரு பெண்குரல்: "அப்பா, பில்டரோட ஆள் சட்டையில விலைச்சீட்டைத் தொங்கவிட்டுண்டா வருவான்? விடுங்கோ, அவர்தான்!"

கல்யாணம் நடந்தது. கட்டடமும் இன்னும் நிற்கிறது. தீபாவளிக்குப் போனால் மாமனார் "வாங்கோ மாப்பிள்ளை" என்பதற்கு முன் கையை நீட்டுவார். போனைக் கொடுத்துவிட்டுத்தான் படியேற வேண்டும்.

கீழ்வீட்டு மாமா மட்டும் இன்றும் காபியோடு காத்திருக்கிறார். "பொண்ணையே கட்டிண்டு உள்ளே நுழைஞ்சுட்டேளே, பலே ஆள் நீர்! இப்பவாவது சொல்லும், எத்தனை ஸ்கொயர் ஃபீட்?"