மாட்டு வண்டியில் ரேசுக்குப் போனவர்

செங்கல்பட்டு ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ரேஸ் நைனாவைப் போல ஓர் அவசரக்காரர் கிடைக்க மாட்டார். அவரைப் போல லேட்டாகப் போய்ச் சேர்ந்தவரும் கிடைக்க மாட்டார்.

நான் இன்றைக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு கடைகிற லேத்து மெஷின் பதினாறு வைத்துத் தொழில் நடத்துகிறவன். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. இன்ஜினீயர் படித்த பிள்ளைகள் என் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். "ஒருத்தன் தயவும் இல்லாமல் மேலே வந்தேன்" என்று மைக் பிடித்தே பேசியிருக்கிறேன். அது பச்சைப் பொய்.

அறுபதுகளின் கடைசியில் மணவாள நகரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். பக்கத்து லேத்தில் நின்றவர்தான் ரேஸ் நைனா. என்னைவிட ஐந்து வயது மூப்பு. நிஜப் பெயர் முதலாளிக்கே மறந்து போயிருந்தது. சோழவரத்தில் பழைய ஏரோப்ளேன் தளத்தில் நடக்கிற மோட்டார் ரேசில் ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும், அவர் பிறந்ததே அதற்குத்தான். காயலான் கடையில் பொறுக்கிய சாமான்களைக் கோத்து, வருஷக்கணக்காக ஒரு மோட்டார் சைக்கிள் கட்டிக்கொண்டிருந்தார்.

வண்டி தயாராகும்வரை சும்மா இருப்பாரா? டீக்கடைக்கு நடக்கும்போதே தெருமுனையில் உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் திரும்புவார். ஒருநாள் அப்படிச் சாய்ந்து, புளியோதரைத் தூக்கோடு எதிரே வந்த பட்டாச்சாரியார் மேல் மோதிவிட்டார்.

"ஏன்டாப்பா, நடந்துதானே போறே? எதுக்குச் சாயறே?"

"இப்பவே பழகிக்கினாதான் உண்டு சாமி. வண்டி ஏறினப்புறம் ஏது டைமு?"

ஆயுத பூஜைக்கு நாங்கள் டூல்பாக்ஸுக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். நைனா கூடவே மூடியின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதுவார்: 'வர்ற வருஷம் சோழவரம்.' வருஷா வருஷம் அதே வரி.

"இன்னா நைனா, வருஷம் வந்துச்சு, சோழவரம் வரலியே?" என்று சீண்டினேன்.

"எழுதி வெச்சா, மூடியத் தொறக்க சொல்லோ அது நம்மளப் பாக்கும்பா. வெக்கமா இருக்கும், வேல நடக்கும். உனுக்கு இன்னா ஓணும் சொல்லு."

"சொந்தமா ஒரு லேத்து."

எனக்கு எழுத வராது என்பதை ஒருத்தரிடமும் சொல்லாமல், அவரே என் மூடியில் எழுதிக் கொடுத்தார். பட்டறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

ஏழாவது வருஷம் அந்த மோட்டார் சைக்கிள் நிஜமாகவே ஓடியது! ரேசுக்குப் பெயரும் கொடுத்தாகிவிட்டது. முதலாளி அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. புறப்படுகிற அன்று வண்டிக்குப் பூஜை. சக்கரத்துக்கு அடியில் வைக்கச் சொல்லி என்னிடம் இரண்டு எலுமிச்சம்பழம் தந்தார். ஒன்றை வைத்தேன். இன்னொன்றை யாரும் பார்க்காதபோது சைலன்ஸர் குழாய்க்குள் போட்டுக் கம்பியால் குத்தித் தள்ளினேன்.

"இன்னொண்ணு எங்கப்பா?"

"உருண்டு போச்சு நைனா."

ஸ்டார்ட் செய்தால் பழம் பீரங்கிக் குண்டு மாதிரிப் பறக்கும், நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் கம்பியை எதற்கு அவ்வளவு அழுத்தினேன் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

"ரேஸ் டயரு ரோட்டுல தேயக் கூடாது" என்று மோட்டார் சைக்கிளை மாட்டு வண்டியில் ஏற்றினார். பூஜைக்கு அப்புறம் ஸ்டார்ட் செய்கிற முதல் உதை சோழவரத்து மண்ணில்தான் என்று சபதம் வேறு. மறுநாள் நாஷ்டா நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் தன் பங்கு பன்னையும் எனக்கே பிட்டுக் கொடுத்தார். வாயில் பன் இருந்தது, உண்மை வரவில்லை.

கொடி விழுந்தது. எல்லா வண்டியும் பறந்தது. நைனா உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். இன்ஜின் செருமியது, செத்தது. மற்றவர்கள் ஒரு சுற்று முடித்து வந்தபோதும் உதைத்துக்கொண்டிருந்தார். ஜனம் விசில் அடித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். கடைசி உதையில் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை; அவர் முட்டி பிசகியது. அது அப்புறம் சரியாகவே இல்லை. ரேசும் அதோடு சரி.

ஐந்தாறு வருஷம் கழித்துக் கும்மிடிப்பூண்டியில் என் முதல் லேத்தை இறக்கினேன். பூஜைக்கு நைனா வந்தார். கேட் முனையில் அதே மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துதான் திரும்பினார். இந்தத் தடவை பயிற்சி இல்லை, முட்டி. என் கையில் ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

"இந்தாப்பா. அன்னிக்கி உருண்டு போச்சின்னியே."

"தெரியுமா நைனா?"

"ஊட்டாண்ட போயி சைலன்ஸரக் கயட்டினேன். உள்ள இருந்துச்சி."

"ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ வெக்கப்பட்டு வேலைய உட்டுட்டுப் பூட்டிருப்ப. அப்புறம் மூடில எழுதினது இன்னாவறது?"

நாற்பது வயதுக்கு மேல் எழுதக் கற்றுக்கொண்டேன். முதலில் எழுதிப் பார்த்தது என் பெயரை இல்லை. இன்றைக்கும் ஆயுத பூஜையன்று என் டூல்பாக்ஸ் மூடியில், கோணல் கையெழுத்தில், 'வர்ற வருஷம் சோழவரம்' என்று நான்தான் எழுதுகிறேன், நைனாவுக்காக.